டிராயர் குமிழ்

எங்கள் கம்பெனியில் ரைபிள் பற்றிப் பேச்சு வராத நாள் என்றால், அது காசிமாயன் லீவு போட்ட நாள்.

நெருப்பெரிச்சலில் எங்களுடையது சின்னக் கம்பெனி. நானும் நூருல்லா பாயும் கூட்டு. வலை பனியன்தான் எங்கள் சரக்கு. உடம்பெல்லாம் பொத்தல் பொத்தலாக, காற்றுப் போக வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் பனியன் அது. பொத்தலை விற்றுப் பிழைக்கிறவன் என்று என் மாமனார் கல்யாணப் பந்தியிலேயே சொல்லியிருக்கிறார். காசிமாயன் எங்கள் தையல் மெஷின்களுக்கு மெக்கானிக். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று, எண்பத்தெட்டில் மச்சினன் பின்னால் திருப்பூருக்கு வந்தவர். எங்களுக்கு அவர் ஹவில்தார். அவருக்கு நான் முதலாளி. அந்தச் சொல்லை அவர் சொல்லும் விதத்தில் துளிகூட மரியாதை இருக்காது.

ஓவர்லாக் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு அவர் பாடம் நடத்துவார். முதலில் த்ரீநாட்த்ரீ ரைபிள். ஒவ்வொரு குண்டுக்கும் வலது கையை விசையிலிருந்து எடுத்து, போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அப்புறம் வந்தது செவன் சிக்ஸ்டூ. முதல் குண்டுக்கு மட்டும் ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இழுக்கிற கைப்பிடியையும் இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். வலது கை விசையை விட்டு நகரவே வேண்டியதில்லை. ஆனால் சுட்டால் தோள்பட்டை பெயர்ந்து வரும். அதனால் எண்பதுகளில் ஒரு புது ரைபிளுக்கு ஏற்பாடு நடந்தது. சின்னக் குண்டு, லேசான உடம்பு. ஒரே இயந்திரத்தை வைத்து மூன்று பிள்ளைகள்: சிப்பாய்க்கு ரைபிள், நீளக் குழாயோடு ஒரு லைட் மெஷின்கன், குட்டையாக ஒரு கார்பைன்.

"இவ்வளவுதானுங்களா" என்றேன் ஒருநாள். "நம்ம ஆர்.என்., ஆர்.என்.எஸ். பனியன் மாதிரிங்க. ஒரே அட்டை. ஒண்ணுக்குக் கை வெக்கறோம், ஒண்ணுக்கு வெக்கறதில்லை. அந்தக் குட்டை, சிறுவர் சைஸ்."

அன்று மாலை வரை மூன்று மெஷின்கள் ரிப்பேராகவே நின்றன.

அந்தப் புது ரைபிளின் சோதனையில் காசிமாயன் இருந்தார். அதை நாங்கள் நம்பினோம். மாதிரித் துப்பாக்கிகளைச் சேற்றில் புதைப்பார்களாம், மணலில் புரட்டுவார்களாம், லாரி உயரத்திலிருந்து போடுவார்களாம், பிறகு எடுத்துச் சுடுவார்களாம். நாங்கள் பனியனை நாலு தடவை துவைத்துப் பார்த்து, சுருங்கினால் அடுத்த சைஸ் லேபிளைத் தைத்துவிடுகிற ஆட்கள். எங்களுக்கு அதெல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

நாங்கள் நம்பாதது குமிழ்க் கதையை.

பனிமலையில் சோதனை நடந்தபோது, புது ரைபிளின் இழுக்கிற கைப்பிடி நிலக்கடலை அளவுதான் இருந்ததாம். தடித்த பனிக் கையுறை போட்ட விரலுக்கு அது அகப்படவே இல்லை. வழுக்கி வழுக்கிப் போயிற்று. காசிமாயன் என்ன செய்தார்? ஸ்டோர் ரூம் மேஜையின் டிராயரில் இருந்த பித்தளைக் குமிழைக் கழற்றி, மரை போட்டு, ரைபிளில் மாட்டிவிட்டார். அடுத்த தடவை கையுறையோடு இழுத்தார்கள். வந்தது. மேலே இருந்த ஓர் அதிகாரி பார்த்துவிட்டு, அடுத்த மாதிரியில் இதையே வைத்து வரச் சொல்லுங்கள் என்றாராம். அடுத்த மாதிரி அந்த உருண்டைக் குமிழோடு வந்தே விட்டதாம்.

"அப்புறமுங்க?" என்று கேட்போம்.

"அப்புறம் என்னய்யா, பென்சன் வந்துருச்சு" என்பார். டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கம்ப்ரெசர் பக்கம் போய்விடுவார். எப்போது கேட்டாலும் கதை அந்த இடத்தில் அறுந்துவிடும். பொய் சொல்கிறவனுக்கு முடிவு தயாராக இருக்காது என்று நாங்கள் முடிவு கட்டினோம். "ஹவில்தார், அந்த டிராயரை இப்ப எப்படித் தொறக்கறாங்க?" என்று டீக்கடைக்காரர் வரைக்கும் கேட்டார்கள். முதலில் கேட்டது நான்தான். மற்றவர்கள் என்னிடமிருந்து கற்றுக்கொண்டார்கள்.

அவரும் சும்மா இல்லை. அவர் கையில் என் கையுறைக் கதை இருந்தது.

தொண்ணூற்று மூன்றில், உள்நாட்டுப் பனியன் போதும் என்று இருந்த எனக்கு எக்ஸ்போர்ட் ஆசை வந்தது. பாய் எங்கிருந்தோ ஒரு கையுறை ஆர்டரைப் பிடித்து வந்தார். ரோஸ் நிற ஃப்ளீஸ் துணி, உள்ளங்கையில் பிடிமானத்துக்காக வெள்ளை ரப்பர்ப் புள்ளிகள். சாம்பிளாக வந்தது ஒற்றைக் கையுறை. அதை வைத்து நானே அட்டை வெட்டினேன், நானே துணி விரித்தேன், எல்லா அடுக்கையும் ஒரே முகமாக, சுருக்கமே இல்லாமல். கட்டிங் அத்தனை சுத்தம். மிச்சத் துணி ஒரு பிடிகூட விழவில்லை. பாய் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கடைசியில் பேக்கிங்கில் ஜோடி சேர்க்க உட்கார்ந்த சின்னத்தாய், ஒரு மணி நேரம் தேடிவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மொதலாளி, இதுல சோத்தாங்கையெல்லாம் எந்தப் பொட்டியில இருக்கு?"

இல்லை. ஒன்றுகூட இல்லை. அத்தனையும் இடது கை. பனியனுக்கு இடம் வலம் கிடையாது. மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்று. பிறந்ததிலிருந்து பனியனே வெட்டிய எனக்கு, அட்டையை ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. சரி, வலது கையைப் புதிதாக வெட்டலாம் என்றால், இரண்டாம் தடவை சாயம் போட்ட ரோஸ் வேறு ரோஸாக வந்தது. ஒரு கை சிவந்தும் ஒரு கை வெளுத்தும் இருக்கிற ஜோடியை எந்த நாட்டுக்காரரும் வாங்கவில்லை. மூட்டைகள் குடோனில் தங்கிவிட்டன. தெருவில் என் பெயர் பீச்சாங்கை லிங்கசாமி என்று ஆயிற்று. பெயர் வைத்தவர் ஹவில்தார். கம்பெனி பெண்கள் சூடான டீச் சட்டியை இறக்க அந்தக் கையுறையைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவர் என்னைப் பார்த்து ஒரு சல்யூட் வைப்பார், இடது கையால்.

இப்படி நாங்கள் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தபோதுதான், தொண்ணூற்றேழில், அமராவதி நகரில் ராணுவக் கண்காட்சி என்று ஒரு நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்தது. அணைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில், பொதுமக்கள் ஆயுதங்களைத் தொட்டுப் பார்க்கலாம், புதிய ரைபிள் உட்பட. நான் அந்த நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்து காசிமாயனிடம் நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம், உங்கள் குமிழ் இருக்கிறதா பார்த்துவிடலாம், இருந்தால் வாழ்நாள் முழுவதும் உங்களை நான் சார் என்று கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். அவர் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஃப்ளாட்லாக் மெஷினுக்கு ஊசி மாற்றப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குமிழ் இல்லை என்றால் இந்த மனிதருக்கு என்ன மிச்சம்? பத்து வருடமாக டீக்கடையிலும் கம்பெனியிலும் பஸ்ஸிலும் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே விஷயம் அது. அதைக் கண்ணெதிரே பிடுங்குவதற்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறேன்.

பாயும் அதைத்தான் சொன்னார். அவருக்கு அந்த ஞாயிறு சோமனூரில் வேலை. போகிற வழியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா லிங்கு, அங்க என்ன வேணா இருக்கட்டும். நீ இருக்குதுன்னே சொல்லீரு. அல்லா மன்னிச்சுக்குவான். இல்லைன்னு சொன்னீன்னா நான் மன்னிக்க மாட்டேன்."

ஞாயிறு காலை உடுமலை வழியாகப் பஸ் ஏறினோம். காசிமாயன் இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு, கையில் ஒரு மஞ்சப்பை. பைக்குள் என்ன என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். எங்கள் குடோன் சரக்கு, ரோஸ் கையுறை ஒன்று.

கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது, இடது கையால்தான் இழுக்க வேண்டும், தடித்த கையுறையோடு இழுத்துப் பார்த்தால்தான் சோதனை என்று விளக்கினார். "ஊர்ல எவன்கிட்டயும் இல்லாத சரக்குய்யா இது. ஒலகத்துலயே ஆர்மிக்குன்னு தச்ச ஒரே கம்பெனி ஒம்மோடதுதான்." நான்கு வருடத்தில் அந்தக் கையுறையைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அமராவதி நகரில் இறங்கியதும் அவர் நடை மாறியது. மைதானம் கிழக்கே இருந்தது, அவர் மேற்கே அணையைப் பார்த்து நடந்தார். முதலில் மீன் சாப்பிடலாம் என்றார். சாப்பிட்டோம். இன்னொரு துண்டு என்றார். பிறகு செருப்பு வார் லூசாக இருக்கிறது என்றார். எனக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு வெயில் தாழட்டும் என்றார், வெயிலே இல்லாத நாளில். கடைசியில் வறுவல் கடை பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்து, மஞ்சப்பையை என் மடியில் வைத்தார்.

"நீரு போயிப் பாத்துட்டு வாரும். கையுறையப் போட்டு இழுத்துப் பாரும். என்ன வடிவம்னு மட்டும் வந்து சொல்லும்."

நான் போனேன். மைதானத்தில் நீளமாக மேஜைகள், மேலே ராணுவப் பச்சையில் துணி. வரிசையாகத் துப்பாக்கிகள். த்ரீநாட்த்ரீ, செவன் சிக்ஸ்டூ, கடைசியில் புதுசு. காசிமாயனிடம் பாடம் கேட்டதால் எனக்கே அவற்றைப் பார்த்ததும் உறவுக்காரர்களை அடையாளம் தெரிந்தது போல இருந்தது. புது ரைபிளுக்குப் பக்கத்தில் நின்ற ராணுவக்காரர் குருசாமி, சிவகங்கைக்காரர், நாயக் பதவி. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, ரோஸ் கையுறையை மாட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு இன்னொரு கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ராணுவத்தில் ஒழுக்கம் அதிகம்.

இடது பக்கம் கைப்பிடி இருந்தது. உருண்டையாக இல்லை. பித்தளை இல்லை. டிராயர் இல்லை. தட்டையாக, ஓரங்கள் மழுக்கப்பட்டு, உடம்போடு ஒட்டினாற்போல ஒரு கறுப்புத் துண்டு. இழுத்தேன், வந்தது. அவ்வளவுதான். காசிமாயனின் குமிழ் அங்கே எங்கும் இல்லை.

மீன் கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் பொய்யைப் பழகிக்கொண்டேன். துணி சுருங்காது என்று தினமும் சொல்கிறவனுக்கு இது பெரிய வேலையில்லை. பெஞ்சுக்குப் போய், முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இருக்குதுங்க ஹவில்தார். அப்படியே உருண்டையா, அந்த டிராயர் குமிழாட்டமேங்க."

அவர் சந்தோஷப்படவில்லை. கையிலிருந்த மீன் துண்டு தட்டில் விழுந்தது. "உருண்டையாவா வச்சுருக்கான்?" என்று ஒருமுறை கேட்டார். நான் இன்னும் அழுத்தமாக, ஆமாங்க, நல்ல உருண்டை என்றேன். அவர் எழுந்தார். கைகூடக் கழுவாமல் மைதானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வார் லூசாக இருப்பதாகச் சொன்ன அதே செருப்பில், எனக்கு ஓடினால்தான் ஈடு கொடுக்க முடிந்தது.

போகும் வழியில்தான், பத்து வருடமாக அறுந்து கிடந்த முடிவு வெளியே வந்தது. உருண்டைக் குமிழோடு வந்த அந்த மாதிரி ரைபிளைக் கடைசியாக ஒரு சோதனைக்கு எடுத்துப் போனார்களாம். ஒரு சிப்பாய் லாரியிலிருந்து குதித்தார். லாரி மேல் போர்த்தியிருந்த மறைப்பு வலையில் குமிழ் மாட்டிக்கொண்டது. ஆள் அந்தரத்தில் தொங்கி, கீழே விழுந்து, மணிக்கட்டு முறிந்தது.

"அன்னைக்குக் காலித் துப்பாக்கிய்யா. சண்டையில காலியாவா இருக்கும்? எடுத்துருங்க, வலையில மாட்டுதுன்னு அன்னைக்கே சொல்லிட்டுத்தான் வந்தேன். கேட்டாய்ங்களா இல்லையான்னு தெரியாமயே பென்சன் குடுத்து அனுப்பிட்டாய்ங்க." மூச்சு வாங்க நின்றார். "எத்தன பயலுக அதத் தூக்கிட்டுத் திரியுறானோ."

குமிழ் இல்லாமல் போயிருக்குமோ என்று அவர் பயப்படுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். இருந்துவிடுமோ என்றுதான் இத்தனை வருடமும் பயந்திருக்கிறார். நடுவே நான் போய், அதைக் கல்வெட்டு மாதிரி உறுதிப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன். பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் மேஜைக்குப் போய்விட்டார்.

குருசாமியைத் திட்டத் திறந்த வாயோடு அவர் ரைபிளைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது. குனிந்தார். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. வீட்டில் குழந்தைகளும் படிப்பார்கள்.

கையை நீட்டினார். கையுறையைக் கொடுத்தேன். இடது கையில் மாட்டி, இழுத்தார். விட்டார். இழுத்தார். "வழுக்கல" என்றார் தனக்குத்தானே. பிறகு சுற்றும் முற்றும் எதையோ தேடினார். கண் என் மேல் வந்து நின்றது.

"மொதலாளி, சட்டையக் கழட்டும்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது போல நடித்தும் பயனில்லை. உள்ளே நான் போட்டிருந்தது எங்கள் சொந்தத் தயாரிப்பு, வலை பனியன். அமராவதி நகரில் குடும்பம் குடும்பமாக வந்திருந்த பொதுமக்கள் நடுவில், நான் சட்டையையும் கழற்றி, பனியனையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, சட்டையை மார்பில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயுதங்களைப் பார்க்க வந்த ஓர் அம்மாள் என்னையும் காட்சிப் பொருளாக நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

தாம் யார் என்பதைக் காசிமாயன் இரண்டே வார்த்தையில் குருசாமியிடம் சொன்னார். அவர் உடனே விறைப்பாக நின்று, செய்யுங்க சார் என்றார். காசிமாயன் என் பனியனை ரைபிளின் மேல் போர்த்தினார். மெதுவாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. சுருட்டிப் போட்டுச் சட்டென்று பிடுங்கினார். வந்தது. முன்னாலிருந்து, பின்னாலிருந்து, குறுக்கே, ஒரு பொத்தல்கூட அந்தக் கைப்பிடியில் மாட்டவில்லை. கடைசியாக ஒருமுறை, பனியன் கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இழுத்தார். பனியனும் கிழியவில்லை. அந்தச் சங்கடத்திலும் எனக்கு அதில் சின்னதாக ஒரு பெருமை.

அவர் பனியனை மடித்தார். மடித்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். ரோஸ் கையுறையின் முதுகால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஃப்ளீஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

"கேட்டுருக்காய்ங்க" என்றார்.

குருசாமி அந்தக் கையுறையைத் தொட்டுப் பார்த்தார். தமக்கு அடுத்த போஸ்டிங் பனிப் பக்கம், துணி நல்ல கனம், வலது கையும் இருந்தால் ஒரு ஜோடி கிடைக்குமா என்று தயங்கிக் கேட்டார். நான் சட்டைப் பொத்தானைத் தேடினேன். பதில் காசிமாயனிடமிருந்து வந்தது.

"சோத்தாங்கை இன்னும் டிரையல்ல இருக்கு தம்பி. எங்க மொதலாளி அவசரப்பட்டு எதையும் வெளிய விட மாட்டாரு."

கையுறையைக் கழற்றி அவருக்கே கொடுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில், கட்டி வாங்கி வந்திருந்த ஆறிப்போன மீனைப் பொட்டலம் பிரித்துத் தின்றுகொண்டே வந்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார், இடது கையில் வாங்கும்படி. பொய் சொல்ல வரவில்லை என்றால் வலை பனியனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவுரையும் சொன்னார். உடுமலை தாண்டியதும் தூங்கிவிட்டார். தலை என் தோளில் விழுந்தது. நல்ல கனமான தலை. திருப்பூர் வரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் எல்லாரும் காத்திருந்தார்கள். பாய் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் கூரையைப் பார்த்தேன். டீக்கடைக்காரர்தான் கேட்டார், ஹவில்தார், உங்க குமிழ் இருந்துச்சுங்களா என்று.

"இல்ல" என்றார் காசிமாயன்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு டீ கிளாஸை வாங்கினார். கம்ப்ரெசர் பக்கம் போகவில்லை. எங்களோடு பெஞ்சிலேயே உட்கார்ந்து குடித்தார்.

"ஒமக்கு என்ன டீ, சார்?" என்று காசிமாயன் என்னைப் பார்த்துக் கேட்டார். குமிழ் இருந்திருந்தால் பந்தயப்படி அப்படிக் கூப்பிட வேண்டியது நான்தானே என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாக இடது கையால் ஒரு சல்யூட் வைத்தேன்.